கணினியா, கன்சோலா: கேட்கப்படாத கேள்வி



போர்க்களத்தைப் பின்னணியாகக் கொண்ட வீடியோ விளையாட்டு ஒன்றின் அடுத்த பாகம் வரப்போகிறது என்ற அறிவிப்பு வெளியானவுடன், உலகெங்கும் உள்ள இளைஞர்களிடையே ஒரு பழைய வழக்கு புதிதாக எழுகிறது. அதனைக் கணினியில் ஆடுவது மேலா, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோலில் ஆடுவது மேலா என்பதே அவ்வழக்கு. கணினிப் பக்கம் நிற்போர் மவுஸின் துல்லியத்தையும் காட்சியின் தெளிவையும் புகழ்வர். கன்சோல் பக்கம் நிற்போர், பெட்டியைத் திறந்து தொலைக்காட்சியில் இணைத்தால் போதும் என்பர். கணினியில் ஏமாற்று மென்பொருள் வைத்து ஆடுவோர் மிகுதி என்று குறை கூறுவர். கண்ட்ரோலரைப் பிடித்தவனுக்குக் குறிபார்க்க விளையாட்டே கைகொடுக்கிறதே, அது மட்டும் நேர்மையா என்று கணினிக்காரர் திருப்பிக் கேட்பர்.

இவ்வழக்கு நம் வீடுகளுக்கு அந்நியமானதன்று. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் வாப்பாவின் பெட்டியில் கன்சோல் வந்து இறங்கியிருக்கிறது. கல்லூரிப் படிப்புக்கென வாங்கிய மடிக்கணினியில் அதே விளையாட்டு குடியேறியிருக்கிறது. காக்கா ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் நின்று வாதிடுவதைக் கேட்டுக்கொண்டே சோறு பரிமாறும் உம்மாமார் நம்மிடையே பலர் உண்டு.

இந்த வாதத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. அதில் அறிவு உண்டு. விலை, வசதி, நேர்மை ஆகியவற்றை எடைபோடும் பழக்கம் உண்டு. நம் கவலை வேறு. ஒரு துப்பாக்கியின் அதிர்வு எத்தனை புள்ளி பக்கவாட்டில் நகர்கிறது என்பதுவரை ஆராயும் அதே பிள்ளைகள், அந்தத் துப்பாக்கியின் முன்னால் நிற்பவர் யார், அவர் ஏன் அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார் என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை. எந்தக் கருவியில் சுடுவது என்பதில் இத்தனை கூர்மையாக இருப்போர், யாரைச் சுடுகிறோம் என்பதில் ஏன் இத்தனை மௌனமாக இருக்கிறார்கள்?

2009இன் பெருங்கோபம்

இந்த மௌனத்தின் ஆழத்தை அறிய, கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற விளையாட்டு வெளிவந்த 2009ஆம் ஆண்டை நினைவுகூர்வது பயனுள்ளது. அதற்கு முந்தைய பாகங்களில் கணினிக்காரர்களுக்கு ஓர் உரிமை இருந்தது. தங்கள் செலவில் தனிச் சர்வரை வாடகைக்கு எடுத்து, தங்களுக்கு உகந்த விதிகளோடு, தங்கள் நண்பர் குழுவோடு அவர்கள் ஆடலாம். புதிய பாகத்தில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. கன்சோலில் நடப்பதைப் போலவே, நிறுவனத்தின் அமைப்பே ஆட்டக்காரர்களைச் சேர்த்து வைக்கும், அவர்களுள் ஒருவரின் கருவியே ஆட்டத்தைத் தாங்கும் என்றானது. ஓர் ஆட்டத்தில் 18 பேருக்கு மேல் கூட முடியாது. கணினிப் பதிப்பின் விலையும் அமெரிக்காவில் வழக்கத்தைவிடப் பத்து டாலர் கூடி 60 டாலர் ஆயிற்று.

கணினிக்காரர்கள் கொதித்தெழுந்தனர். இணையத்தில் தொடங்கிய முறையீட்டில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதித்தனர். புறக்கணிப்போம் என்று குழுக்கள் அமைந்தன. நவம்பர் 10 அன்று விளையாட்டு வெளிவந்தது. வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மட்டும் முதல் நாளில் 31 கோடி டாலருக்கு விற்பனையானது. புறக்கணிப்புக் குழுவில் பெயர் பதித்திருந்தவர்களிலேயே பலர் அன்றே அவ்விளையாட்டை ஆடிக்கொண்டிருந்ததைக் காட்டும் படம் ஒன்று பரவி, பல ஆண்டுகள் நகைப்புக்குப் பொருளானது.

சர்வருக்காக ஒரு இலட்சம் பேர் குரல் எழுப்பினர் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு, அந்த விளையாட்டுக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். ஆப்கானிஸ்தானின் ஒரு நகரத்துக்குள் அமெரிக்கப் படை வாகனங்களில் நுழைகிறது. பள்ளிக்கூடத்துக்குள்ளும் சண்டை நடக்கிறது. பலர் கூடி ஆடும் பகுதியில் கராச்சி ஒரு களமாக வருகிறது. உருது பேசும் அந்நகரத்தின் பலகைகளில் அரபி எழுத்துகள் எழுதப்பட்டிருந்தன. ஒரு பாகிஸ்தானியச் சிறுவன் ஒரே நொடியில் காணக்கூடிய பிழை அது. பல கோடி டாலர் செலவில் உருவான பொருளில் துப்பாக்கியின் திருகாணிவரை சரிபார்த்தவர்களுக்கு, ஒரு மாநகரத்தின் மொழியைச் சரிபார்க்கத் தோன்றவில்லை. முஸ்லிம்களின் ஊர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணமே அப்பிழையின் வேர்.

அதே விளையாட்டில் ரஷ்ய விமான நிலையம் ஒன்றில் பயணிகள் சுட்டுக் கொல்லப்படும் காட்சி இருந்தது. அதுபற்றி உலகமே பேசியது. பத்திரிகைகள் எழுதின, அரசியல்வாதிகள் கேட்டனர். விரும்பாதவர் அக்காட்சியைத் தாண்டிச் செல்ல நிறுவனமே வழி வைத்திருந்தது. ரஷ்யப் பதிப்பில் அது முற்றிலும் நீக்கப்பட்டது. நிராயுதபாணிகளைக் கொல்வதைக் கண்டு மக்கள் பதறியது நல்லதே. ஆனால் அந்தப் பதற்றம் ஆப்கானியப் பள்ளிக்கூடத்தின் வாசலில் வந்து நின்றுவிட்டது.

பெயரில்லாத நாடு

இத்தொடரின் முந்தைய பாகம் 2007 நவம்பரில் வெளிவந்தது. அதில் அமெரிக்கப் படை ஓர் அரபு நாட்டின்மீது படையெடுக்கிறது. அந்த நாட்டுக்குப் பெயரே இல்லை. கதையின் நடுவே தலைநகரில் அணுகுண்டு வெடிக்கிறது. வெடித்தபின் இறந்துபோன அமெரிக்க வீரர்களின் பெயர்ப்பட்டியல் திரையில் ஓடுகிறது. அந்த நகரத்தில் வாழ்ந்த மக்களின் பட்டியல் எங்கும் ஓடவில்லை. பெயரில்லாத நாட்டின் பெயரில்லாத மக்கள் பெயரில்லாமலே மறைந்துவிடுகிறார்கள்.

அதே விளையாட்டில் ஏசி-130 என்ற போர் விமானத்தின் கண்ணாடி வழியே தரையைப் பார்த்துச் சுடும் கட்டம் ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளைத் திரையில் வெண்புள்ளிகளாக மனிதர்கள் ஓடுகிறார்கள். விமானத்தில் இருப்போர் சலனமற்ற குரலில் பாராட்டிக்கொள்கிறார்கள். அவ்விளையாட்டு கடைக்கு வருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 2007 ஜூலை 12 அன்று, பாக்தாதில் அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று இதேபோன்ற திரை வழியே பார்த்துச் சுட்டது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக் கலைஞர் நமீர் நூருத்தீனும் ஓட்டுநர் சயீத் ஷமாக்கும் அதில் கொல்லப்பட்டனர். காயமுற்றவரைத் தூக்கிச் செல்ல வந்த வாகனமும் சுடப்பட்டது. அதனுள் இருந்த இரண்டு குழந்தைகள் படுகாயமுற்றனர். 2010இல் அப்படப்பதிவு உலகுக்கு வெளியானபோது, இது விளையாட்டைப் போலவே இருக்கிறதே என்று பார்த்தோர் பலர் சொன்னார்கள். அந்த ஒப்புமை தானாக விளைந்ததன்று. அந்தத் திரையின் நிறத்தையும் அந்தக் குரலின் தொனியையும் விளையாட்டு உண்மைப் போரிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. குழந்தைகளை மட்டும் விட்டுவிட்டது.

வரலாற்றையே திருத்தி எழுதிய கதையும் உண்டு. 1991 பிப்ரவரி 26, 27 தேதிகளில் குவைத்திலிருந்து பஸ்ராவை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்த ஈராக்கியரின் வாகன வரிசைமீது அமெரிக்கா தலைமையிலான கூட்டணி விமானங்கள் குண்டு பொழிந்தன. எரிந்து கருகிய வாகனங்கள் கிடந்த அச்சாலைக்கு மரண நெடுஞ்சாலை என்ற பெயர் நிலைத்தது. 2019இல் வந்த மாடர்ன் வார்ஃபேர் விளையாட்டில் உர்ஸிக்ஸ்தான் என்ற கற்பனை நாட்டில் அதே பெயரில் ஒரு சாலை வருகிறது. அங்கே குண்டு போட்டவர்கள் ரஷ்யர்கள் என்று கதை சொல்கிறது. கற்பனை நாடுதானே என்று நிறுவனம் கூறலாம். 1991இல் பிறந்திராத ஒரு பிள்ளை அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்பது அங்கேதான் என்றால், அவன் நெஞ்சில் பதிவது எது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வெறும் விளையாட்டுத்தானே

இவற்றைச் சொன்னால் பிள்ளைகள் தரும் விடை ஒன்றே: இது வெறும் விளையாட்டு, சுட்டுப் பழகியவன் எல்லாம் கொலைகாரன் ஆகிவிடுவதில்லை. அவர்கள் சொல்வது மெய். திரையில் சுடும் கோடிக்கணக்கான இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் ஓர் எறும்பையும் நசுக்காதவர்கள். விளையாட்டு வன்முறையாளனை உருவாக்குகிறது என்ற எளிய குற்றச்சாட்டை நாம் முன்வைக்கவில்லை. அப்படி முன்வைப்பவர்களின் பேச்சைப் பிள்ளைகள் நிராகரிப்பதிலும் வியப்பில்லை.

நாம் சொல்வது இது. யாருடைய மரணம் கணக்கில் வரும், யாருடைய மரணம் வராது என்பதை இவ்விளையாட்டுகள் மெல்லக் கற்பிக்கின்றன. அரபி மொழியின் ஓசை கேட்டால் எதிரி அருகில் இருக்கிறான், வெள்ளைத் தொப்பியும் நீண்ட அங்கியும் தெரிந்தால் விரலை அழுத்தவேண்டும் என்ற பழக்கம் காதிலும் கண்ணிலும் ஊறுகிறது. ஜும்ஆவுக்கு அதே அங்கியை அணிந்து செல்லும் நம் பிள்ளை, திரையின் முன் அமரும்போது தன்னையே குறிபார்க்கிறான். இது அவனை வன்முறையாளன் ஆக்காது. தன் சாயல் கொண்ட மனிதர்கள் மலிவானவர்கள் என்ற எண்ணத்தை மட்டும் ஓசையின்றி ஊன்றிச் செல்லும். அதுவே போதுமான இழப்பு.

வெறும் விளையாட்டு என்று அமெரிக்க இராணுவமே கருதவில்லை என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காஸ் ஆர்மி என்ற சுடும் விளையாட்டை அது தன் சொந்தச் செலவில் உருவாக்கி, 2002 ஜூலை 4 அன்று கணினிகளுக்கு இலவசமாக வெளியிட்டது. இளைஞர்களைப் படையில் சேரத் தூண்டுவதே அதன் வெளிப்படையான நோக்கம். 2022வரை அது இயங்கியது. வெறும் விளையாட்டுக்காக ஓர் இராணுவம் இருபது ஆண்டுகள் பணம் செலவிடுமா?

நீதியோடு பேசுவோம்

குற்றம் கூறும்போதும் நீதியைக் கைவிடலாகாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். இத்துறையில் மாற்றமே இல்லை என்று சொன்னால் அது உண்மைக்கு மாறானது. 2025 அக்டோபர் 10 அன்று வெளிவந்து, மூன்றே நாளில் 70 இலட்சம் பிரதிகள் விற்ற பேட்டில்ஃபீல்ட் 6 விளையாட்டில் எதிரியாக வருவது ஒரு தனியார் கூலிப்படை. முஸ்லிம் என்பதாலேயே எதிரி என்ற பழைய வழியை அது எடுக்கவில்லை. கெய்ரோ அதில் ஒரு களம். அமெரிக்காவின் புரூக்ளினும் ஒரு களம். ஜிப்ரால்டரும் தஜிகிஸ்தானும் உண்டு.

அவ்விளையாட்டு வந்தபோதும் பழைய வழக்கு எழுந்தது. கணினியில் ஆட விரும்புவோர் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு அமைப்பை இயக்கியிருக்கவேண்டும் என்று நிறுவனம் விதித்தது; பழைய கணினி வைத்திருந்தோரும் லினக்ஸ் பயன்படுத்துவோரும் வெளியே நின்றனர். கன்சோல்காரர்களோ, கணினிக்காரர்களைத் தவிர்த்துத் தமக்குள் மட்டும் ஆடும் வசதியைப் பற்றிப் பேசினர். சோதனைப் பதிப்பு வந்த ஆகஸ்ட் மாதம் முழுதும் இதுவே பேச்சு.

கெய்ரோ முற்றுகை என்று பெயரிட்ட அக்களத்தில் வீடுகள் உண்டு, கடைகள் உண்டு, தெருக்கள் உண்டு. குடியிருப்போர் மட்டும் இல்லை. சோறு வைத்த அடுப்பு இல்லை. தாயின் கையைப் பற்றி ஓடும் பிள்ளை இல்லை. புரூக்ளினிலும் மக்கள் இல்லைதான். ஆனால் புரூக்ளினில் வாழ்வோரின் சிரிப்பையும் அழுகையையும் உலகம் ஆயிரம் திரைப்படங்களில் கண்டிருக்கிறது. வெளியுலகப் பிள்ளை ஒருவனுக்குக் கெய்ரோவின் தெருவோ, பாக்தாதின் தெருவோ அறிமுகமாவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆளற்ற களமாகத்தான். ஆளில்லாத நகரத்தைத் தகர்ப்பதில் எவருக்கும் குற்ற உணர்வு எழாது. உண்மை நகரங்கள் தகர்க்கப்படும் செய்தி வரும்போதும், அங்கே ஆள் இருந்தார்கள் என்பது மனத்தில் உறைக்கத் தாமதமாகும். காஸாவின் படங்களை நாள்தோறும் காணும் தலைமுறைக்கு இதை விளக்கவேண்டிய தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்த விளையாட்டை வெளியிட்ட எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. வாங்குவோரின் முன்வரிசையில் இருப்பது சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதி. ஆகவே இனிமேல், மேற்குலகம் நம்மைத் தவறாகச் சித்திரிக்கிறது என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. முஸ்லிம் நாட்டின் பணம் இவ்வளவு பெரிய மேசையில் அமரும்போது, திரையில் வரும் முஸ்லிம் நகரங்களுக்கு மனிதர்கள் திரும்பி வருவார்களா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இலாபத்தைப் பெறுவோரிடம் அமானிதத்தையும் கேட்கவேண்டும்.

குரலுக்குப் பலன் உண்டு

நாம் கேட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று சோர்வடைய வேண்டியதில்லை. மாடர்ன் வார்ஃபேர் 2 விளையாட்டின் ஒரு களத்தில், கழிப்பறைச் சுவரில் தொங்கிய படச்சட்டத்தில் அல்லாஹ்வின் திருப்பெயர் அடங்கிய ஹதீஸ் வாசகம் எழுதப்பட்டிருந்தது. முஸ்லிம் ஆட்டக்காரர்கள் சுட்டிக்காட்டியபின், 2012 அக்டோபரில் அந்தக் களம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2021 நவம்பரில் வான்கார்ட் என்ற பாகத்தில் திருக்குர்ஆன் ஏடுகள் தரையில் சிதறிக் கிடக்கும் காட்சி இருந்தது. கண்டனம் எழுந்தது, நிறுவனம் அதனை நீக்கியதோடு அரபி மொழியில் மன்னிப்பும் கோரியது. 2013 ஜனவரியில் பாகிஸ்தானின் குறுந்தட்டு வணிகர் சங்கம், தம் நாட்டைத் தவறாகக் காட்டிய இரண்டு போர் விளையாட்டுகளை விற்கவேண்டாமெனத் தன் உறுப்பினரைக் கேட்டுக்கொண்டது.

ஃபலூஜாவின் கதையும் இங்கே நினைவுக்குரியது. 2004 நவம்பரில் ஈராக்கின் அந்நகரத்தில் நடந்த கொடும்போரை விளையாட்டாக்கும் முயற்சியை 2009இல் கொனாமி நிறுவனம் எதிர்ப்புக்கு அஞ்சிக் கைவிட்டது. வேறு நிறுவனம் அதனை 2021இல் மீண்டும் எடுத்தபோது, அமெரிக்க இஸ்லாமிய உறவுகள் பேரவை, கணினிக்கும் கன்சோலுக்கும் விளையாட்டு விற்கும் பெருநிறுவனங்கள் மூன்றையும் நோக்கி, இதனை விற்காதீர் என்று கேட்டது. அவர்கள் செவிசாய்க்கவில்லை, 2023இல் அது கணினிச் சந்தைக்கு வந்துவிட்டது. வெற்றியும் தோல்வியும் கலந்ததே இவ்வரலாறு.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. இறைவசனம் எழுதிய ஏடு தரையில் கிடந்தபோது உலக முஸ்லிம் இளைஞர்கள் கொதித்தனர். அக்கொதிப்பு ஈமானின் அடையாளம், அதனைப் போற்றுகிறோம். அந்த வசனங்கள் எந்த மனித உயிரைக் கண்ணியப்படுத்தினவோ, அந்த உயிர் அதே தரையில் பல ஆண்டுகளாகக் கிடந்தபோது அக்கொதிப்பில் பாதியேனும் எழுந்திருக்கவேண்டும். மெய்யான போர்க்களத்திலேயே பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக்கூடாதெனத் தடுத்தவர் நம் பெருமானார் (ஸல்). அவர்களின் உம்மத்துக்கு இவ்விரண்டும் ஒரே அக்கறையின் இரு கிளைகளாகவே தோன்றவேண்டும்.

வேறு வழியும் உண்டு

போரை வேறு விதமாகக் காட்டமுடியும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. போலந்து நாட்டுக் கலைஞர்கள் 2014இல் திஸ் வார் ஆஃப் மைன் என்ற விளையாட்டைக் கணினிக்கு வெளியிட்டார்கள். பின்னர் அது கன்சோல்களுக்கும் வந்தது. 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் சிக்கித் தவித்த சரயேவோ நகரத்தின் துயரமே அதன் ஊற்று. அதில் நீங்கள் படைவீரர் அல்லர். இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் சாதாரணக் குடிமகன். மருந்து யாருக்கு, கடைசி உணவு யாருக்கு என்று முடிவு செய்யவேண்டும். போலந்து அரசு 2020இல் அதனைப் பள்ளி மாணவர்க்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

2016இல் பலஸ்தீனரான ரஷீத் அபூ ஈதா, லைலா அண்ட் த ஷேடோஸ் ஆஃப் வார் என்ற சிறிய விளையாட்டை உருவாக்கினார். காஸாவில் குண்டுவீச்சின் நடுவே தன் குடும்பத்தைக் காக்க ஓடும் ஒரு தந்தையின் கதை அது. ஆப்பிள் நிறுவனம் முதலில் அதனை விளையாட்டு என்ற பிரிவில் ஏற்க மறுத்தது. எதிர்ப்பு எழுந்தபின் ஏற்றுக்கொண்டது. சுடுவது விளையாட்டு, சுடப்படுவது செய்தி என்று ஒரு பெருநிறுவனம் எண்ணியதை அந்த நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. 2023இல் வெளிவந்த அஸாஸின்ஸ் கிரீட் மிராஜ், அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்துப் பாக்தாதைச் சந்தைகளும் அறிஞர்களும் நிறைந்த உயிருள்ள நகரமாகக் காட்டியது. அரபி மொழியிலேயே உரையாடல் கேட்கும் வசதியும் தந்தது. அதிலும் கொலை உண்டு, ஆகவே அதனை முழுதும் பரிந்துரைக்கவில்லை. ஒரு முஸ்லிம் நகரத்துக்கு மக்களைத் தரமுடியும் என்பதற்கே அதனைக் குறிப்பிடுகிறோம்.

இல்லங்களில் செய்யவேண்டியது

விளையாட்டு ஆகுமானதா, ஆகாததா என்ற மார்க்கத் தீர்ப்பு கூறுவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதனை ஆலிம்களிடம் கேட்டறிக. பெற்றோர் என்ற நிலையில் செய்யக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

முதலாவதாக, கணினியா கன்சோலா என்ற வழக்கில் பெற்றோருக்கும் ஒரு தரப்பு உண்டு. கூடத்துத் தொலைக்காட்சியில் இணைந்த கன்சோலை எல்லோரும் பார்க்கிறார்கள். கதவு சாத்திய அறைக்குள் காதில் ஒலிப்பானோடு இயங்கும் கணினியை எவரும் பார்ப்பதில்லை. முன்பின் அறியாதவர்களோடு பேசும் வசதி இரண்டிலும் உண்டு. அங்கே இன வசையும் மத வசையும் தாராளமாகப் புழங்குகின்றன. எந்தக் கருவி என்பதைவிட அது எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்பதே நமக்கு முதன்மையான கேள்வி.

இரண்டாவதாக, அட்டையில் உள்ள வயது எண்ணைப் பாருங்கள். நாம் பேசிய மாடர்ன் வார்ஃபேர் 2 ஐரோப்பாவில் 18 வயதும் அமெரிக்காவில் 17 வயதும் நிறைந்தவர்க்கென முத்திரையிடப்பட்டது. தயாரித்தவர்களே வளர்ந்தவர்க்கு என்று சொன்ன பொருளை, பத்து வயதுப் பிள்ளைக்குப் பெருநாள் பரிசாகத் தருவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மூன்றாவதாக, திட்டுவதற்கு முன் ஒரு மாலை அருகில் அமருங்கள். இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் போதும். மகனே, இது எந்த ஊர்? இந்த ஊரில் யார் வசித்தார்கள்? இவர்கள் பேசுவது என்ன மொழி, என்ன சொல்கிறார்கள்? இந்தப் போர் உண்மையில் நடந்ததா, அங்கே என்ன ஆயிற்று? இந்த நான்கு கேள்விகளையும் விசாரணையாகக் கேட்காமல், அறியும் ஆவலோடு கேளுங்கள். பல வீடுகளில் பிள்ளை ஆட்டத்தை நிறுத்திவிட்டு இணையத்தில் தேடத் தொடங்குவான். தடைபோட்டுப் பறிக்கப்பட்ட கண்ட்ரோலர் நண்பன் வீட்டில் கிடைத்துவிடும். உள்ளத்தில் எழுந்த கேள்வி எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே போகும்.

நான்காவதாக, இளைஞர்களே, இது உங்களுக்கு. உங்கள் கையில் உள்ள ஆற்றலை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். சர்வருக்காக முறையீடு எழுதத் தெரிந்தவர்களுக்கு, மனிதர்களுக்காகவும் எழுதத் தெரியும். ஒரு களத்தில் உருதுவுக்குப் பதில் அரபி இருந்தால், ஒரு வரலாறு புரட்டப்பட்டிருந்தால், நிறுவனத்துக்கு எழுதுங்கள். கண்ணியமாக, சான்றோடு எழுதுங்கள். கணினித் துறையில் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் ஏராளமாக இருக்கிறார்கள். காயல்பட்டினத்தின் கப்பலோட்டிகளையும், ஈழத்தின் வட மாகாணத்திலிருந்து 1990இல் ஒரே மாதத்தில் வெளியேற்றப்பட்ட நம் மக்களின் நடைப்பயணத்தையும் விளையாட்டின் மொழியில் சொல்ல யாரேனும் ஒருவர் அமரவேண்டும். ரஷீத் அபூ ஈதாவுக்குப் பின்னால் பெருநிறுவனம் ஏதும் இருக்கவில்லை.

அடுத்த பாகம் வரும். அதற்கடுத்த பாகமும் வரும். மவுஸா கண்ட்ரோலரா என்று பிள்ளைகள் மறுபடியும் வாதிடுவார்கள், வாதிடட்டும். அந்த வாதம் முடிந்து துப்பாக்கியை உயர்த்தும் கணத்தில், எதிரே நிற்பவனுக்கு ஒரு பெயர் இருக்கும், ஓர் உம்மா இருப்பாள் என்ற நினைவு அவர்கள் விரலை ஒரு நொடி தாமதப்படுத்துமானால், நம் இல்லங்களில் கற்பித்தது வீண்போகவில்லை என்று பொருள். அந்த நினைவை நம் பிள்ளைகளின் உள்ளத்தில் அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.